நன்றி மட்டும் எழுதாதீர்கள்

அவர் எனக்கு எழுதிய முதல் கடிதமே என் மடலைத் திருப்பி அனுப்பிய கடிதம்தான். "தலைப்பில் 'அவசரம், உதவி தேவை' என்று போட்டிருக்கிறீர்கள். அவசரம் உங்களுக்கு, படிப்பவருக்கு அல்ல. விஷயம் என்னவென்று தலைப்பிலேயே எழுதி மறுபடி அனுப்புங்கள்." கீழே பெயர்கூட இல்லை. மட்டுறுத்துநர் என்று மட்டும் இருந்தது, அதாவது மின்னஞ்சல் குழுவுக்கு வரும் மடல்களைப் படித்துப் பார்த்து உள்ளே விடுகிறவர். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ ரிட்டையர்டான கிழவர், வீட்டில் பேச்சுக்கு மதிப்பில்லாமல் இங்கே வந்து அதிகாரம் பண்ணுகிறார் என்று நினைத்தேன்.

என் அவசரம் உண்மையானது. மேலூருக்கு வெளியே திருச்சி ரோட்டில் ஒரு கிரானைட் யார்டில் எடைமேடைக் கணினியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சொந்த ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். பாலிடெக்னிக்கில் படித்த சி மொழியை வைத்துக்கொண்டு, லாரி எடை போடும் நிரலை நானே எழுதியிருந்தேன். லாரி மேடையில் ஏறி நின்றால் எடை கணினிக்கு வரும், உடனே பிரிண்டரில் சீட்டு வரவேண்டும். வரவில்லை. பதினைந்து இருபது லாரி ஏறி இறங்கிய பிறகு அத்தனை சீட்டும் ஒரே மூச்சில் அடித்துக்கொண்டு வரும். அதுவரை டிரைவர்கள் என் ஜன்னலில் தொங்குவார்கள்.

"யக்கா, எம்புட்டு நேரமா நிக்கிறது? சீட்டு இன்னிக்கு வருமா, நாளைக்கா?"

"வரும்ணே, கொஞ்சம் பொறுங்க."

"இதத்தான் காலையிலருந்து சொல்றீங்க."

ஒரு நாள் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் காலை வாரிவிட, வராமல் இருந்த சீட்டுகள் வராமலே போய்விட்டன. போன லாரிகளை ஹைவேயிலிருந்து போன் போட்டுத் திரும்ப வரவழைத்து மறுபடி எடை போட்டோம். அன்று நான் வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது. அந்த ஆத்திரத்தில்தான், தமிழில் நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் குழு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து எழுதினேன்.

மூன்று முறை திருப்பி அனுப்பினார். இரண்டாம் முறை, நிரல் முழுவதையும் ஒட்டியிருக்கிறேன், சிக்கல் இருக்கும் பத்து வரி போதும் என்றார். மூன்றாம் முறை, "'வேலை செய்யவில்லை' என்பது விஷயம் அல்ல. என்ன நடக்கவேண்டும், என்ன நடக்கிறது, இரண்டையும் எழுதுங்கள்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். எழுதும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். கணினித் திரையில் காட்டச் சொன்னால் வரி உடனே வருகிறது, பிரிண்டருக்கு அனுப்பினால்தான் தேங்குகிறது. நான்காவது மடல் குழுவுக்குப் போனது. அரைமணி நேரத்தில் அவரே பதில் எழுதியிருந்தார்.

"நிரல் எழுதும் எழுத்துகள் உடனே வெளியே போவதில்லை. நடுவில் பஃபர் என்று ஓர் இடத்தில் சேர்கின்றன. திரைக்குப் போவது டவுன் பஸ். ஒரு வரி முடிந்தால் கிளம்பிவிடும். பிரிண்டருக்கும் கோப்புக்கும் போவது ஷேர் ஆட்டோ. ஆள் நிரம்பாமல் நகராது. உங்கள் ஒரு சீட்டு அதற்குப் போதாது, இருபது சேர்ந்தால்தான் கிளம்புகிறது. ஒவ்வொரு சீட்டு முடிந்ததும் 'இருப்பதை அனுப்பு' என்று நாம்தான் சொல்லவேண்டும்." அதற்கான ஒரு வரி நிரலைக் கீழே கொடுத்திருந்தார். கரண்ட் போன கதைக்கும் ஒரு பத்தி இருந்தது. "கடைசியாக அச்சான சீட்டை வைத்து, நிரல் அங்கேதான் நின்றது என்று முடிவு கட்டாதீர்கள். அதற்குப் பிறகும் அது வெகுதூரம் ஓடியிருக்கும். நம் கைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்."

அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். அடுத்த லாரி மேடையை விட்டு இறங்குவதற்குள் சீட்டு வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் உடனே குழுவுக்கு எழுதினேன். "மிக்க நன்றி சார். நீங்கள் நல்லா இருக்கணும்."

அதுவும் திரும்பி வந்தது.

"நன்றி மட்டும் எழுதாதீர்கள். நன்றி என்ற ஒரு சொல்லுக்காக எல்லாரும் ஒரு மடலைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. சிக்கல் தீர்ந்தது என்றால் எப்படித் தீர்ந்தது என்று எழுதுங்கள். நாளைக்கு இதே சிக்கலோடு வருகிறவருக்கு அது உதவும். அதுதான் நன்றி."

குழுவில் எல்லாருக்கும் இது பழக்கமாகியிருந்தது. யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. தலைப்பின் முன்னால் 'தீர்ந்தது' என்று போட்டு, என்ன செய்தோம் என்று நாலு வரி எழுதுவோம். வாழ்த்துக்கும் இடமில்லை. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினால் திரும்பி வரும். அவர் கிறிஸ்தவர் என்று எப்படியோ தெரிந்துகொண்ட ஒரு திருமங்கலத்துக்காரர், கிறிஸ்துமஸ் வாழ்த்தாவது உள்ளே போகும் என்று அனுப்பிப் பார்த்தார். அதற்கும் அதே பதில்தான், கிறிஸ்துமஸ் அன்று காலையிலேயே வந்தது.

ஊரே வாட்ஸப்பில் குட்மார்னிங் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் குழு இப்படி இருந்தது. இணையத்தின் ஆரம்பகாலச் செய்திக்குழுக்களில் இருந்த நடைமுறைகளை எல்லாம் படித்து, அவற்றைத் தமிழில் எழுதி வைத்திருந்தார். பதிலை மேலே போடாதே, கேள்விக்குக் கீழே போடு. மேற்கோளில் தேவையான வரியை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டு. சொந்தக் கதை வேண்டாம். யாருக்கும் சார் வேண்டாம், மேடம் வேண்டாம். இந்தக் கடைசி விதியை மட்டும் எங்களால் கடைப்பிடிக்க முடியவில்லை. அதையும் ஒவ்வொரு முறையும் மென்மையாகச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்தார்.

இவ்வளவு கறாரான மனிதர் யாரையும் புண்படுத்தியதில்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. கல்லூரிப் பையன் ஒருவன் அடிப்படைக் கேள்வி ஒன்று கேட்டபோது எனக்கு அன்று என்ன கோபமோ, "இதுகூடத் தெரியாதவர் வேறு படிப்பு படிக்கலாமே" என்று எழுதிவிட்டேன். அது குழுவுக்குப் போகவில்லை. எனக்குத் தனியாக ஒரு குறிப்பு வந்தது. "இதை நாளைக் காலை வரை வைத்திருக்கிறேன். காலையில் ஒருமுறை படித்துப் பாருங்கள். அப்போதும் அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன்." காலையில் படித்தேன். வேண்டாம் என்று எழுதினேன். "சரி" என்று பதில் வந்தது. அந்தப் பையனின் கேள்விக்கு அவரே பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார்.

ஒரே ஒருமுறைதான் அவரை நேரில் பார்த்தேன். என் தங்கை மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்க மதுரையில் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கவுண்டரில் கூட்டம் நெருக்கியது. உள்ளே இருந்த கிளார்க் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "ஒவ்வொருத்தரா வாங்க. அவசரம்னு சொல்லாதீங்க, எல்லாருக்கும் அவசரந்தான். விஷயத்த மட்டும் சொல்லுங்க."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கூட்டம் குறையும்வரை நின்று, நான் எடைமேடைக்காரி என்று சொன்னேன். அவர் நிமிர்ந்தார். கிழவரெல்லாம் இல்லை. நாற்பதைத் தாண்டியிருந்தால் அதிகம். என்னைவிட நாலைந்து வயது சின்னவராகக்கூட இருக்கலாம். முகம் சிவந்துபோய், என்ன செய்வது என்று தெரியாமல் எழுந்து நின்றுவிட்டார். வெளியே கூட்டிப் போய் டீ வாங்கிக் கொடுத்தார். மடலில் பத்தி பத்தியாக எழுதுகிற மனிதருக்கு நேரில் பேச்சே வரவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே விதி எதுவும் இல்லை என்ற தைரியத்தில் சொன்னேன். "ரொம்ப நன்றி சார். அன்னிக்கு நீங்க மட்டும் எழுதலைன்னா என்னைய வேலைய விட்டே அனுப்பியிருப்பாங்க."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. "இப்ப சீட்டு ஒடனே வருதுல்ல?" என்றார்.

"வருது சார்."

"அம்புட்டுதான் வேணும்," என்றார். கிளம்பும்போது மறுபடி கேட்டார். "லாரி இறங்குறதுக்கு முன்னாடியே வந்துருதா?" வந்துவிடுகிறது என்றேன். அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. பஸ் ஏறிய பிறகும் எனக்கு அந்த முகமே நினைவில் இருந்தது. அவருக்கு நன்றி பிடிக்காது என்றுதான் நானும் மற்றவர்களைப் போல நினைத்திருந்தேன். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

போன வருஷம் குழுவுக்கு அவரிடமிருந்து ஒரு மடல் வந்தது. தலைப்பு, 'மட்டுறுத்தல் - சில நாட்களுக்கு'. "இரண்டு வாரம் வெளியூரில் இருப்பேன். என்னால் மடல்களைப் பார்த்து அனுப்ப முடியாது. எனவே மட்டுறுத்தலை நீக்கியிருக்கிறேன். யார் எது எழுதினாலும் நேராக எல்லாருக்கும் போகும்." அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அவர் தன்னைப் பற்றி எழுதிய முதல் வாக்கியமே அந்த 'வெளியூரில் இருப்பேன்'தான்.

அன்று மத்தியானம், சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரு கல்லூரி மாணவி குழுவில் எழுதினாள். "சார், எங்கே போகிறீர்கள்? உடம்பு நன்றாக இருக்கிறதா?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பியதும் வகுப்பறை ஆடுகிறதா என்று தோன்றியது. அவருடைய பெயரைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, கேள்விக்குக் கீழே, மேற்கோளை அழகாக வெட்டி, எழுதினேன். "குழுவில் சொந்த விசாரிப்புகள் வேண்டாம். மட்டுறுத்துநர் இல்லாதபோதும் விதிகள் உண்டு." அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டு எனக்குத் தனியாக எழுதினாள். அதற்கு நான் பதில் போடவில்லை.

மறுநாள் காலை எனக்கு ஓர் அறிவிப்பு வந்தது. குழுவின் மட்டுறுத்துநராக என்னை நியமித்துவிட்டு அவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் வேலையாக மட்டுறுத்தலைத் திரும்பப் போட்டேன். அந்த வாரமும் அடுத்த வாரமும் விசாரிப்பு மடல்கள் வந்தன. மொத்தம் ஏழு. ஒருவர் தன் நிரலைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு அதன் கீழே ஒளித்துவைத்த மாதிரி கேட்டிருந்தார். ஏழையும், அவர் எனக்கு எழுதிய அதே வாக்கியங்களால், திருப்பி அனுப்பினேன். இரண்டு வாரம் இரண்டு மாதமானபோது, பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டு மனிதர் எங்கோ நிம்மதியாக இருக்கிறார் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

ஒரு கல்யாணத்துக்காகத் தேனி போக ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தேன். எதிரே லாட்ஜ் சுவரில் வரிசையாகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். மழையில் பாதி உரிந்திருந்த ஒன்றில் அந்த முகம் இருந்தது. 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று போட்டிருந்தது. தேதியைப் பார்த்தேன். இருபது நாள் ஆகியிருந்தது.

பக்கத்து டீக்கடையில் கேட்டேன். "ஸ்கூல் கிளார்க்கு சாரா? பாவம், நல்ல மனுசன். ரெண்டாவது சந்துல நாலாவது வீடு," என்றார் கடைக்காரர். நான் தேனி பஸ்ஸை விட்டுவிட்டு அந்தச் சந்துக்குள் நடந்தேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. நான் சொல்லி முடிப்பதற்குள், "அந்தக் குழுவாம்மா? உள்ள வாங்க," என்றார். உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். கணையத்தில் புற்றுநோய் என்றும், தெரியவந்தபோதே நாள் கடந்துவிட்டது என்றும் சொன்னார். என்னைக் கண்டதில் அவருக்கு ஒரு ஆறுதல் மாதிரி இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்புற அன்னிக்கு, துணிமணி எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி அந்த மடலத்தான் எழுதுனாரு. எழுதிட்டு, 'கதவத் தொறந்து வச்சுட்டேன்'னு சொன்னாரு. எனக்கு அப்ப வெளங்கல. யாராச்சும் ஒரு வார்த்த கேப்பாங்கன்னு ஆசப்பட்டாருன்னு பெறகுதான் தெரிஞ்சுச்சு. வாயத் தொறந்து கேக்குற ஆளு இல்லையே அவரு."

கையில் இருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஒரு பொம்பளப் புள்ள கேட்டுச்சு. உடம்பு நல்லா இருக்கான்னு. அத ரெண்டு தரம் படிச்சாரு. எனக்கும் படிச்சுக் காட்டுனாரு. பதில் போடுங்கன்னேன். என்ன எழுதுறதுன்னு யோசிச்சு சாயங்காலம் போடுறேன்னாரு. அதுக்குள்ள இன்னொருத்தவங்க, இங்க அதெல்லாம் பேசக் கூடாதுன்னு எழுதிட்டாங்க. 'சரியாத்தான் எழுதியிருக்காங்க, இவங்க குழுவ நல்லாப் பாத்துக்குவாங்க'ன்னு சொல்லிட்டு அவங்ககிட்டயே ஒப்படைச்சுட்டாரு."

"அது நான்தான்க்கா."

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. "நீங்களா அது," என்றார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "அதுக்கப்புறமும் தெனம் பாத்தாருங்க. கையில தெம்பு இல்லாதப்ப போன என்கிட்டக் குடுத்து, எதுவும் வந்திருக்கான்னு பாரும்பாரு. எல்லாம் புரோகிராமாத்தான் இருக்கும். இல்லைங்கன்னு சொல்லுவேன். கடைசி வாரம் வரைக்கும் பாக்கச் சொன்னாரு. இம்புட்டு வருஷம் உக்காந்து எழுதுனாரே, அந்தப் புள்ளைக்கு அப்புறம் ஒருத்தருகூடக் கேக்கல பாத்தீங்களா?"

பேசாமல் வந்திருக்கலாம். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் அப்படி விட்டால், யாருக்கும் அவர்மேல் அக்கறை இல்லை என்றல்லவா அந்த அம்மா நினைத்துக்கொண்டிருப்பார்.

"கேட்டாங்கக்கா. ஏழு பேரு கேட்டாங்க. நான்தான் விடல. திருப்பி அனுப்பிட்டேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. திரும்ப விளக்கிச் சொல்லவேண்டியிருந்தது. அதைவிடக் கொடுமை என் வாழ்க்கையில் எனக்கு நேர்ந்ததில்லை. சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

"என்ன எழுதியிருந்தாங்க?" என்று கேட்டார்.

நினைவில் இருந்ததை எல்லாம் சொன்னேன். சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவர், நீங்கள் இல்லாமல் குழு குழுவாக இல்லை, எப்போது வருவீர்கள் என்று கேட்டிருந்ததை. அந்தத் திருமங்கலத்துக்காரர், விதியை மீறுகிறேன், வேண்டுமானால் நீக்கிவிடுங்கள், ஆனாலும் கேட்கிறேன், எங்கே இருக்கிறீர்கள் என்று எழுதியிருந்ததை. நான் ஒரு காலத்தில் வேறு படிப்பு படிக்கச் சொன்ன பையன், இப்போது வேலையில் இருக்கிறவன், உங்களால்தான் சார் நான் இதில் நிற்கிறேன் என்று எழுதியிருந்ததை. அந்த அம்மா ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஒன்றைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

எல்லாம் முடிந்த பிறகு, "இத அவரு கேட்டிருக்கலாம்ல," என்றார்.

"கேட்டிருக்கலாம்க்கா."

வாசல் வரை வந்து வழியனுப்பினார். கல்யாணத்துக்குப் போகவில்லை. மாட்டுத்தாவணி வந்து மேலூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். குழுவுக்கு என்ன எழுதுவது, எப்படித் தலைப்பிடுவது என்று தெரியவில்லை. அதற்கு முன்னால் ஒருத்திக்கு எழுதவேண்டியிருந்தது. அந்தக் கல்லூரிப் பெண்ணின் முகவரியைத் தேடி எடுத்து, "அன்றைக்கு நான் உங்களுக்கு அப்படி எழுதியிருக்கக் கூடாது. நீங்கள் ஒருவர் கேட்டது மட்டும்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. என்னை மன்னித்துவிடுங்கள்" என்று எழுதி அனுப்பினேன்.

ஒத்தக்கடை தாண்டுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"பரவாயில்லை மேடம், நான் அப்போதே மறந்துவிட்டேன். சாருக்கு இப்போது எப்படி இருக்கிறது?"